அக்காவின் வெள்ளி விழாவுக்குப் பன்னிரண்டு பாட்டில்

இந்த மே மாதம் அக்காவுக்கும் அத்தானுக்கும் திருமணமாகி 25 ஆண்டு நிறைகிறது. பாரிஸ் புறநகரில் அவர்கள் வீட்டிலேயே விருந்து. சமையல் அக்காவின் பொறுப்பு, ஒயின் என் பொறுப்பு. அத்தான் நான்கு நிபந்தனை போட்டார். அன்றைய சமையல் மீனும் இறாலும் என்பதால் வெள்ளை ஒயினாக இருக்க வேண்டும். பெரிய நிறுவனத்தின் சரக்காக இருக்கக் கூடாது; கொடியைக் கவாத்து செய்யும் குடும்பத்தின் பெயரே பாட்டிலிலும் இருக்க வேண்டும். பன்னிரண்டு பாட்டிலில் ஆறு அன்றைக்கு, மற்ற ஆறும் அவர்கள் கட்டடத்து நிலவறையில் கிடந்து 30-ஆம் ஆண்டு, 35-ஆம் ஆண்டு, 40-ஆம் ஆண்டு என்று ஒவ்வொன்றாகத் திறக்கப்பட வேண்டும். எல்லாம் சேர்த்து 300 யூரோவுக்குள் முடிய வேண்டும்.

கேட்கும்போது எளிதாகத்தான் இருந்தது. ஆனால் இந்த நான்கும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுபவை. இன்றைக்குக் குடிக்க இனிமையாக இருப்பது பெரும்பாலும் பதினைந்து ஆண்டு தாங்காது. பதினைந்து ஆண்டு தாங்குவது பெரும்பாலும் பாட்டில் 25 யூரோவுக்குக் கிடைக்காது. இரண்டும் அமைந்துவிட்டால் அக்காவின் புளிக்குழம்பு குறுக்கே வந்து நிற்கும். முஸ்கதே, ஷப்லி, அல்சாஸ் ரீஸ்லிங், வூவ்ரே என்று நான்கு ஒயின்களை வைத்துக்கொண்டு மூன்று மாதம் தேடியதையும், எது ஏன் நின்றது, எது ஏன் விழுந்தது என்பதையும் எழுதுகிறேன். இதே யோசனையில் இருக்கும் வேறு யாருக்காவது உதவும்.

அதற்கு முன், சிறு குடும்பத் தோட்டம் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. இது வெறும் கிராமத்து ஏக்கம் இல்லை. பத்து ஹெக்டேர் வைத்திருக்கும் ஒரு குடும்பம், எந்தச் சரிவில் பழம் முதலில் பழுக்கும், எந்தப் பள்ளத்தில் பனி தங்கும் என்பதைத் தலைமுறையாக அறிந்திருக்கிறது. கையால் குலை பறிப்பதா, இயந்திரத்தை விடுவதா, இன்னும் ஒரு வாரம் காத்திருப்பதா என்பதை அந்த வீட்டுச் சமையலறை மேஜையில் முடிவு செய்கிறார்கள். தவறினால் அந்த ஆண்டு வருமானம் போயிற்று. அந்தப் பொறுப்பு ஒயினில் தெரியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் லேபிளைப் பார்த்து ஏமாறுவது எளிது. கோட்டைப் படம் போட்டிருப்பதால் அது குடும்பத் தோட்டம் ஆகிவிடாது. 'மிஸ் ஆன் பூத்தேய் ஓ தோமேன்' என்று இருந்தால், விளைந்த தோட்டத்திலேயே பாட்டிலில் அடைத்தார்கள் என்று பொருள். 'ஆ லா ப்ரொப்ரியெத்தே' என்று இருந்தால் கூட்டுறவுச் சங்கமாகவும் இருக்கலாம். கூட்டுறவு மட்டம் என்று சொல்லவில்லை. பல இடங்களில் மிக நல்ல ஒயின் அங்கிருந்து வருகிறது. நாங்கள் தேடியது அது இல்லை, அவ்வளவுதான். இன்னொரு அடையாளம், பீப்பாய் சுமந்து நடக்கும் ஒருவரின் சின்னம். அது 'விஞ்ஞெரோன் ஆன்தெபான்தான்' என்ற சுதந்திரத் தோட்டக்காரர் சங்கத்தின் முத்திரை. சொந்தக் கொடி, சொந்த நிலவறை, சொந்த விற்பனை என்று இருப்பவர்களே அதைப் போடலாம். ஆண்டுதோறும் நவம்பர் கடைசியில் பாரிஸின் போர்த் த வெர்சாய் அரங்கில் இவர்கள் கூடுகிறார்கள். நுழைவுச் சீட்டோடு கையில் ஒரு கண்ணாடிக் கோப்பையைக் கொடுத்துவிடுவார்கள். பாரிஸ்காரர்கள் சாக்குமூட்டை தள்ளும் இரும்பு வண்டியோடு வந்து, பெட்டி பெட்டியாக ஏற்றிப் போவார்கள். தோட்டக்காரரே எதிரில் நின்று ஊற்றுகிறார். எந்த ஆண்டு, எந்த மண், எவ்வளவு சர்க்கரை என்று எதை வேண்டுமானாலும் கேட்கலாம். முடிவெடுக்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

தொடக்கத்திலேயே இரண்டைத் தள்ளிவிட்டேன். ஒன்று பூர்கோன் பகுதியின் மெர்சோ, புலிஞ்ஞி போன்ற ஊர்களின் ஒயின். உலகின் மிகச் சிறந்த ஷார்தொனே திராட்சை அங்கேதான் விளைகிறது, மறுக்கவில்லை. ஆனால் 25 யூரோவுக்கு அந்த ஊர்ப் பெயரே வராது. தவிர 1990-களின் நடுப்பகுதி அறுவடைகளிலிருந்து அந்த வெள்ளை ஒயின்களில் ஒரு குறை தொடர்ந்து பேசப்படுகிறது. பத்து ஆண்டு நிற்க வேண்டியது ஐந்தாறு ஆண்டிலேயே காற்றுப்பட்டு, பழுப்பேறி, வெட்டிவைத்த ஆப்பிள் போல ஆகிவிடுகிறது. 35-ஆம் ஆண்டு விழாவுக்கு வைக்கும் பாட்டிலில் அந்தப் பயம் வேண்டாம். மற்றது ஜூரா மலைப்பகுதியின் வேன் ஜோன் என்ற மஞ்சள் ஒயின். ஆறு ஆண்டுக்கு மேல் பீப்பாயில் கிடந்து 62 சென்டிலிட்டர் பாட்டிலில் வருவது. எனக்கு மிகவும் பிடிக்கும், நூறு ஆண்டும் நிற்கும். ஆனால் அதன் அக்ரூட் பருப்பு வாசனை பழகாதவர்களுக்கு முதல் மடக்கிலேயே முகத்தைச் சுளிக்கவைத்துவிடும். விருந்தில் அது நியாயம் இல்லை.

முஸ்கதே

நாந்த் நகரத்துக்குத் தெற்கே, லுவார் ஆறு அட்லாண்டிக் கடலில் கலக்கப் போகும் பகுதியில் விளைவது. திராட்சையின் பெயர் மெலோன் த பூர்கோன். 1709-ஆம் ஆண்டின் கொடுங்குளிரில் அந்தப் பகுதியின் கொடிகள் செத்துப்போன பிறகு, குளிர் தாங்கும் என்று இதைப் பரவலாக நட்டார்கள். அது பழ வாசனை அதிகம் இல்லாத திராட்சை. அதனால் ஒயினுக்கு உடம்பு சேர்க்க ஒரு வழி கண்டார்கள். நொதித்து முடிந்ததும் அடியில் தங்கும் ஈஸ்ட் மண்டியை அகற்றாமல், குளிர்காலம் முழுவதும் அதன் மேலேயே விட்டு, நேராகப் பாட்டிலில் இறக்குவார்கள். 'சுர் லீ' என்று லேபிளில் இருப்பதன் பொருள் அதுதான்.

சிறு குடும்பங்களிடம் 9, 10 யூரோவுக்கு மிக நேர்மையான முஸ்கதே கிடைக்கிறது. பிரான்சில் இந்த விலைக்கு இவ்வளவு உழைப்பு வேறெங்கும் கிடைப்பதாக எனக்குத் தெரியவில்லை, அதை நினைத்தால் வருத்தமாகவும் இருக்கிறது. 1991 ஏப்ரலின் உறைபனி, அதன் பிறகு சந்தை சரிந்தது, அண்மைக் காலத்தில் மீண்டும் மீண்டும் பனி என்று அடி வாங்கி, அங்கே பல குடும்பங்கள் கொடியைப் பிடுங்கிவிட்டன. நின்றவர்கள் தங்கள் நல்ல நிலங்களை ஊர்ப் பெயரால் பிரித்துக் காட்டத் தொடங்கினார்கள். க்ளிசோன், கோர்ஜ், லு பாலே என்ற மூன்று ஊர்களுக்கு 2011-இல் தனி அங்கீகாரம் கிடைத்தது. க்ளிசோனில் கருங்கல், கோர்ஜில் கப்ரோ என்ற கரும்பாறை. இந்த ஊர்ப் பெயரோடு வருபவை மண்டியின் மேல் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டுக்கு மேல் வரை கிடந்தவை. விலை 15 முதல் 20. பத்து ஆண்டு வைக்கலாம்.

வரவேற்புக்கும் சிப்பிக்கும் பொரித்த மீனுக்கும் இதை அடிக்க ஆள் இல்லை. ஆனால் விருந்தின் நடுவே, மசாலா ஏறிய தட்டுக்கு முன்னால், அது அமைதியாக ஒதுங்கிக்கொள்கிறது. எடை போதவில்லை.

ஷப்லி

அத்தான் மனத்தில் இருந்தது இதுதான். பெயர் எல்லோருக்கும் தெரியும், பாரிஸிலிருந்து காரில் இரண்டு மணி நேரம், திராட்சை ஷார்தொனே. செரன் என்ற சிற்றாற்றின் இரு கரையிலும் சரிவுகள். சரிவு மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்தால் களிமண்ணுக்குள் நகக்கண் அளவு வளைந்த சிப்பிகள் அகப்படும். ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலின் மிச்சம். கிம்மெரிட்ஜியன் என்று அந்த மண்ணுக்குப் பெயர். ஒயினில் வரும் உப்புக்கல் சாயலுக்கும் சிப்பிக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறதா என்று மண்ணியல் அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். வாயில் அந்தச் சாயல் இருப்பது என்னவோ உண்மை.

தரத்தில் படி நான்கு, கீழிருந்து மேலாக: பெத்தி ஷப்லி, ஷப்லி, ப்ரெமியே க்ரூ, கிரான் க்ரூ. கடைசிப் படிக்கு உரியது ஆற்றின் வலக்கரையில் ஊரைப் பார்த்து நிற்கும் ஒரே மலைச்சரிவு. ஏறத்தாழ 100 ஹெக்டேர், ஏழு துண்டுகள். பிளான்ஷோ, பூக்ரோ, லே குளோ, க்ரெனூய், ப்ரேஸ், வால்மூர், வோதெசீர். ரவெனோ, தொவிசா என்ற இரண்டு குடும்பங்கள் இந்தச் சரிவில் எடுக்கும் ஒயினை உலகமே தேடுகிறது. அவர்கள் இன்றும் சிறு குடும்பங்கள்தான், விலைதான் பாட்டிலுக்கு நூற்றுக்கணக்கான யூரோவுக்குப் போய்விட்டது. நம் கைக்கு எட்டாதது என்று தெரிந்த பிறகு அதைப் பற்றி ஏங்கிக்கொண்டிருப்பதில் பயன் இல்லை.

நமக்கு எட்டுவது ப்ரெமியே க்ரூ. குடும்பத்திடம் நேராக வாங்கினால் 25 முதல் 35. இங்கே விலை ஏறிக்கொண்டே போவதற்கு ஒரு காரணத்தை நான் கண்ணால் பார்த்தேன். ஓர் ஏப்ரல் இரவில் அந்த ஊரில் தங்கியிருந்தேன். விடியற்காலை மூன்று மணிக்கு ஜன்னலைத் திறந்தால், எதிர்ச்சரிவு முழுவதும் கார்த்திகை தீபம் போல விளக்கு வரிசை. துளிர்விட்ட கொடிகளுக்கு நடுவே வாளி வாளியாக மெழுகை ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஒரு ஹெக்டேருக்கு நானூறு வாளி போல வேண்டும். இன்னொரு பக்கம் தண்ணீர் தெளிக்கிறார்கள். கேட்பதற்கு முரணாக இருக்கும், ஆனால் துளிரின் மேல் தண்ணீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம் உள்ளே இருக்கும் மொட்டைச் சுழியத்துக்குக் கீழே போகாமல் காக்கிறது. விடிந்து பனிக்கட்டி உருகும்வரை தண்ணீர் நிற்கக் கூடாது. நின்றால் எல்லாம் போயிற்று. அந்தத் தண்ணீருக்காகவே பேன் என்ற பக்கத்து ஊரில் ஓர் ஏரி வெட்டியிருக்கிறார்கள். இவ்வளவு செய்தும் 2021 ஏப்ரலில் பெரும்பங்கு விளைச்சல் கருகிப்போனது. இதையெல்லாம் பார்த்த பிறகு ஒரு பாட்டில் ஷப்லி 30 யூரோ என்றால் எனக்குப் பேரம் பேச வாய் வருவதில்லை.

எனக்கு ஷப்லியில் உள்ள சிக்கல் வேறு. அந்தப் பெயரின் கீழ் இன்று 5,000 ஹெக்டேருக்கு மேல் பயிர். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அது சில நூறு ஹெக்டேராகச் சுருங்கியிருந்தது. இப்போது இயந்திரத்தால் பறிப்பது வழக்கமாகிவிட்டது. பெயரின் பலத்திலேயே விற்றுவிடும் என்பதால், தண்ணீர் போன்ற ஷப்லியும் ஏராளமாக உலவுகிறது. கையால் பறிக்கும் குடும்பத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். பிடித்துவிட்டால் எட்டு, பத்து ஆண்டு அழகாக முதிரும். பதினைந்து ஆண்டு என்றால் நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

அல்சாஸ் ரீஸ்லிங்

ஜெர்மன் எல்லையை ஒட்டிய அல்சாஸ், 1871-இலிருந்து 1918 வரை ஜெர்மனியின் கையில் இருந்த நிலம். ஒல்லியான நீண்ட பச்சைப் பாட்டில், ஜெர்மன் குடும்பப் பெயர், பிரெஞ்சு நாக்கு. மேற்கே வோஜ் மலை மழையை மறித்துக்கொள்வதால், கோல்மார் நகரம் பிரான்சிலேயே மிகக் குறைந்த மழை பெறும் நகரங்களில் ஒன்று. பழம் மெதுவாக, நோயில்லாமல் பழுக்கிறது. குடும்பம் என்று பார்த்தால் இந்தப் பகுதியை விஞ்ச முடியாது. 1626, 1639 என்று பதினேழாம் நூற்றாண்டுக் கணக்கு சொல்லும் வீடுகள் இன்னும் தொழிலில் இருக்கின்றன. அவை இன்று சிறியவை அல்ல. ஆனால் ஐந்தாறு ஹெக்டேர் வைத்துக்கொண்டு, தாத்தா காலத்து ஓவல் வடிவப் பெரும்பீப்பாயிலேயே ஒயின் செய்யும் வீடுகளும் கிராமத்துக்குக் கிராமம் உண்டு.

விலை மிக நியாயமானது. சாதாரண ரீஸ்லிங் 12, 14. கிரான் க்ரூ 25 முதல் 35. கிரான் க்ரூ சரிவுகள் மொத்தம் 51. முதலில் அந்தத் தகுதி பெற்றது 1975-இல், ஷ்லோஸ்பெர்க் என்ற கருங்கல் சரிவு. இருபது ஆண்டு நிற்கும் ஒயின் வேண்டும் என்றால் இது கண்ணை மூடிக்கொண்டு வாங்கத்தக்கது.

பல காலம் இருந்த ஒரு தலைவலி, பாட்டிலைத் திறக்கும்வரை இனிக்குமா இனிக்காதா என்று தெரியாது. 2021 அறுவடையிலிருந்து இனிப்பின் அளவை லேபிளில் குறிப்பது கட்டாயமாகிவிட்டது. நல்ல காரியம். ஆனால் எங்கள் வீட்டுக்கு இடிக்கும் இடம் வேறு. நல்ல ரீஸ்லிங் முதிரும்போது அதில் மண்ணெண்ணெய் வாடை தலைகாட்டும். அறிந்தவர்கள் அதைக் கொண்டாடுவார்கள், நானும்தான். அக்காவோ சின்ன வயதில் புதுச்சேரியில் ரேஷன் கடை வரிசையில் மண்ணெண்ணெய் டின்னோடு நின்றவர். எட்டு வயதான ஒரு ரீஸ்லிங்கை முகர்ந்து பார்த்துவிட்டு, கோப்பையை அப்படியே மேஜையில் வைத்துவிட்டார். அவருடைய விழா; அவர் மூக்குக்குப் பிடிக்காததைப் பதினைந்து ஆண்டு பாதுகாத்து வைத்து என்ன செய்வது?

வூவ்ரே

தூர் நகரத்துக்குக் கிழக்கே, லுவார் ஆற்றின் வடகரையில் ஒரு வெண்பாறைச் சுவர். துஃபோ என்ற மென்மையான சுண்ணாம்புக் கல். ஆற்றங்கரை அரண்மனைகளைக் கட்ட இதைத்தான் வெட்டி எடுத்தார்கள். வெட்டிய குடைவுகள் நிலவறைகள் ஆயின. அதற்கு மேலே திராட்சைக் கொடி, கீழே ஒயின். பாறைக்குள் வீடு, பாறைக்குள்ளேயே பிழிசெக்கு. கோடையானாலும் குளிரானாலும் உள்ளே ஏறத்தாழ 12 பாகை. திராட்சை நடைமுறையில் ஒன்றே ஒன்று: ஷெனன். 1936-லேயே சட்டப்படி எல்லை வகுக்கப்பட்ட ஊர் இது.

ஷெனனின் குணம் மிகச் சில திராட்சைக்கே உண்டு. புளிப்பு கடுமையாக இருக்கும், அந்தப் புளிப்பு எவ்வளவு பழுத்தாலும் விடாது. அதனால் ஒரே தோட்டம் ஓர் ஆண்டு இனிப்பே இல்லாத ஒயினும், மறு ஆண்டு பாதி இனிப்பும், வெயில் கொளுத்திய ஆண்டில் தேன் போன்றதும் தரும். செக், தெமி-செக், முவல்லே என்று அவற்றைச் சொல்வார்கள். இதைச் செப்டம்பரில் முடிவு செய்ய முடியாது. அக்டோபர் முழுவதும் தோட்டத்தில் ஒரே வரிசையில் மூன்று தடவை, நான்கு தடவை நடந்து, பழுத்த குலையை மட்டும் பறித்து, மற்றதை விட்டுவைக்க வேண்டும். ஆற்று மூடுபனியில் போட்ரைட்டிஸ் பூஞ்சை பழத்தோலைத் துளைத்து நீரை ஆவியாக விட்டால், உள்ளே சர்க்கரை திரளும். மழை வந்தால் அதே பூஞ்சை எல்லாவற்றையும் அழுகச்செய்துவிடும். இப்படி ஒரு விளையாட்டில் இறங்கச் சிறு குடும்பத்துக்குத்தான் மனம் வரும். குடும்பத் தோட்டம் என்ற அத்தானின் நிபந்தனை இந்த ஊரில்தான் முழுப் பொருள் பெறுகிறது.

இந்த ஊரின் பெயரை உலகறியச் செய்தவர் கஸ்தோன் உவெத். 1928-இல் தொடங்கிய குடும்பத் தோட்டம் அவருடையது. லு ஓ-லியு, லு மோன், குளோ து பூர் என்று மூன்று நிலங்கள். 1947-இலிருந்து 1989 வரை வூவ்ரேயின் மேயராக இருந்தார். அதிவேக ரயில் பாதை கொடிகளைக் கிழித்துக்கொண்டு போக இருந்தபோது விடாமல் போராடி, பாதையைத் தோட்டத்துக்கு அடியில் சுரங்கமாகக் கொண்டுபோக வைத்தார். இன்று பாரிஸிலிருந்து தென்மேற்கே போகும் ரயிலில் உட்கார்ந்திருப்பவர்கள் தலைக்கு மேல் ஷெனன் கொடி நிற்பதை அறியாமலே கடந்துபோகிறார்கள். அந்தத் தோட்டமும் 2003-இல் குடும்பத்தின் கையை விட்டுப் போய்விட்டது. ஒயின் இன்றும் மிக உயர்ந்தது; ஆனால் எங்கள் நிபந்தனைக்குள் வராது. ஃபொரோ குடும்பத்தின் குளோ நோதென் போன்றவை வரும். அதைவிடப் பெயர் தெரியாத சிறிய வீடுகளும் அந்தப் பாறைச் சுவர் நெடுக இருக்கின்றன.

சென்ற அக்டோபரில் அப்படி ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் சேறு அப்பிய பூட்ஸ் நான்கு ஜோடி. அறுபது வயதுப் பெண்மணி ஒருவர், பறிப்பின் இடையிலும் எனக்காக விளக்கைப் போட்டுக்கொண்டு பாறைக்குள் நடந்தார். பக்கவாட்டுக் குழிகளில் லேபிள் ஒட்டாத பாட்டில்கள் விறகு அடுக்குபோல அடுக்கியிருந்தன. ஒவ்வொரு குழிக்கும் முன்னால் ஒரு சிலேட்டுத் துண்டு, அதில் சாக்கட்டியால் எழுதிய ஆண்டு. விற்கும் நாளில்தான் கழுவி லேபிள் ஒட்டுவார்களாம். '97' என்று எழுதிய குழியிலிருந்து ஒன்றை உருவினார். கழுத்தைத் துணியால் துடைத்து, தக்கையை மெல்ல இழுத்து, தக்கையை முதலில் தன் மூக்கிலும் பிறகு என் மூக்கிலும் காட்டினார். ஊற்றியபோது நல்லெண்ணெய் நிறம். தேன்மெழுகு, சுட்ட ஆப்பிள், மழையில் நனைந்த கம்பளி என்று ஒன்றன்பின் ஒன்றாக வாசனை வந்தது. நாக்கில் இனிப்பு விழுந்த மறு நொடியே புளிப்பு வந்து அதைத் துடைத்துக்கொண்டு போய்விட்டது. கால் நூற்றாண்டைத் தாண்டிய ஒயின், வாய் சப்புக்கொட்டும் புத்துணர்வோடு இருந்தது. அந்தக் கோப்பையோடு என் மனம் பாதிக்கு மேல் முடிவாகிவிட்டது என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். வூவ்ரேயில் பாதிக்கு மேல் நுரைக்கும் ஒயினாகப் போகிறது. 'த்ரான்கீல்' என்று சொல்லிக் கேட்டால்தான் நுரைக்காதது என்று உறுதி. பழைய பாட்டில்களில் இனிப்பின் அளவு லேபிளில் இல்லாமலும் போகும். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அங்காடியில் செக் என்று நினைத்து வாங்கி வந்து, நண்டு வறுவலோடு திறந்தால் பாயசம் போல இனித்தது. அன்று மேஜையில் இருந்த எல்லோருக்கும் வூவ்ரே என்றாலே அலுத்துப்போயிற்று. பாட்டிலில் அடைத்த நான்காம் ஐந்தாம் ஆண்டில் ஷெனன் வாசனை எதுவும் காட்டாமல், வாயை மூடிக்கொண்டு ஊமையாகிவிடுவதும் உண்டு. இயற்கைச் சேதத்துக்கும் குறைவில்லை. 2013 ஜூனில் ஆலங்கட்டி மழை ஒன்று சில நிமிடங்களில் பெரும்பகுதித் தோட்டத்தைச் சிதைத்தது. ஆக, நேரில் கேட்டு வாங்க வேண்டிய ஒயின் இது. கண்ட இடத்தில் எடுத்துவிடக் கூடாது.

அக்காவின் சமையலறையில்

எதையும் தட்டுக்கு முன்னால் வைத்துப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது என்று, டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கையும் அக்கா வீட்டில் திறந்தோம். முஸ்கதே க்ளிசோன், ஷப்லி ப்ரெமியே க்ரூ, ரீஸ்லிங், வூவ்ரே தெமி-செக். தட்டில் மீன் புட்டு, தேங்காய்ப்பால் விட்ட இறால், புளியும் மிளகாயும் கூட்டிய மீன் குழம்பு.

மீன் புட்டுக்கு முஸ்கதே அருமை. எலுமிச்சை பிழிந்ததுபோல ஒட்டிக்கொண்டது. தேங்காய்ப்பால் இறாலுக்கு ஷப்லி. அந்த ஜோடியை நான் மறக்க மாட்டேன். பாலின் கொழுப்பை ஒயின் வெட்டிக்கொண்டு போய், இறாலின் இனிப்பை மட்டும் நாக்கில் நிறுத்தியது. விருந்து அந்த ஒரே தட்டோடு முடிவதாக இருந்தால் ஷப்லிதான் என்று அங்கேயே எழுந்திருப்பேன். குழம்பு வந்தது. புளிக்கு முன்னால் ஷப்லி சட்டென்று தட்டையாகிவிட்டது, தண்ணீர் குடித்ததுபோல. உணவு ஒயினைவிடப் புளிப்பாக இருந்தால் இது எப்போதும் நடப்பது. மிளகாயோ, இனிப்பில்லாத ஒயினின் ஆல்கஹாலோடு சேர்ந்து இன்னும் எரிந்தது. ரீஸ்லிங் தாக்குப்பிடித்தது. வூவ்ரே தெமி-செக் மட்டும் குழம்பை எதிர்கொண்டது. அதன் புளிப்பு புளிக்கு ஈடு கொடுத்தது, கொஞ்சம் சர்க்கரை காரத்தின் மேல் கையை வைத்து அமர்த்தியது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு கவளம் எடுத்துவிட்டு, மறுபடி அந்தக் கோப்பையையே தூக்கினார். அத்தான் ஷப்லியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, இறாலோடு அதைத் தனியாக முடித்தார்.

கணக்கு போட்டோம். மேஜைக்கு வூவ்ரே தெமி-செக் ஆறு, பாட்டில் 18 வீதம் 108 யூரோ. நிலவறைக்கு அதே வீட்டின் முவல்லே ஆறு, பாட்டில் 27 வீதம் 162. மீதி 30 யூரோ இருந்தது. விருந்தினர் வந்து உட்காரும்போது மீன் புட்டோடு ஊற்ற மூன்று பாட்டில் முஸ்கதே, பத்து பத்து யூரோ. பன்னிரண்டு பதினைந்தானதில் அத்தானுக்கு மறுப்பு இல்லை.

இதை வாசிப்பவர் வீட்டில் காரமும் புளியும் இல்லாத சமையல் என்றால், பத்து ஆண்டுக்குள் குடித்துவிடுவதாக இருந்தால், தயங்காமல் கைப்பறிப்பு ஷப்லி ப்ரெமியே க்ரூவை வாங்கலாம். செலவு பாட்டிலுக்குப் பத்துப் பன்னிரண்டு யூரோ கூடும். மண்ணெண்ணெய் வாடைக்கு மூக்கு பழகியவர் என்றால் அல்சாஸ் கிரான் க்ரூ, வூவ்ரேக்குச் சமமாக நிற்கும். 150 யூரோதான் கையில் இருக்கிறது என்றால் பன்னிரண்டும் முஸ்கதே ஆகட்டும். 11, 12 யூரோவுக்கு ஒரு குடும்பம் தன் மிகச் சிறந்த உழைப்பைத் தரும் இடம் அது.

வைப்பதைப் பற்றி அத்தானிடம் மூன்று விஷயம் சொன்னேன். பாட்டில் படுத்த நிலையில் இருக்க வேண்டும், தக்கை காயக் கூடாது. அவர்கள் நிலவறைச் சுவரில் வெந்நீர்க் குழாய் ஓடுகிறது. அந்தப் பக்கம் வைக்கக் கூடாது, எதிர்ச்சுவருக்குப் போக வேண்டும். பெயிண்ட் டின்னும் பழைய டயரும் அதே அறையில் இருக்கக் கூடாது. அடுத்த சனிக்கிழமையே அவர் டயர்களை அப்புறப்படுத்திவிட்டார். ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு மூன்று வாரம் பார்த்தார்: 11, 12, 11.

வூவ்ரே வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னபோது அந்தப் பெண்மணி, எத்தனையாவது திருமண நாள் என்று கேட்டார். சொன்னேன். மே முதல் வாரம் பெட்டி வந்தது. முவல்லே ஆறு பாட்டிலிலும் லேபிள் ஒட்டாமல், கழுத்தில் நூலால் கட்டிய அட்டைத் துண்டில் பென்சிலால் ஆண்டை மட்டும் எழுதி அனுப்பியிருந்தார். லேபிள்கள் தனியே ஓர் உறையில் இருந்தன, திறக்கும் நாளில் ஒட்டிக்கொள்வதற்கு.